வீடு விற்பவருக்கு ஒரு கடிதம்



சரக்கு எடுத்தால் ஓடர் எழுதுகிறோம். கடன் கொடுத்தால் கொப்பியில் எழுதுகிறோம். கடையை வாடகைக்கு எடுத்தால் ஒப்பந்தம் எழுதுகிறோம். ஆனால் வாழ்நாளிலேயே மிகப் பெரிய கொள்வனவான வீட்டையோ காணியையோ வாங்கப் போகும்போது மட்டும் எல்லாவற்றையும் தரகரின் வாயில் விட்டு விடுகிறோம். "பார்ட்டி எண்பத்தஞ்சுக்கு நிக்குது" என்று அவர் அங்கே போய்ச் சொல்வார். "நாநா, தொண்ணூறுக்குக் கீழ இறங்கவே மாட்டாங்களாம்" என்று இங்கே வந்து சொல்வார். இடையில் யார் உண்மையில் என்ன சொன்னார் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

இந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட விடயம், விலையைச் சொல்லும்போது வீட்டுச் சொந்தக்காரருக்கு வாங்குபவரே தன் கையால் எழுதும் கடிதம். எனது வாழ்க்கையில் இரண்டு தடவைகள் அப்படி எழுதியிருக்கிறேன். இரண்டு தடவையும் காரியம் கைகூடியது. ஆனால் முதலாவது கடிதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதையே முதலில் சொல்லி விடுகிறேன்.

1997 ஆம் ஆண்டு. எமதூர்ப் பிரதான வீதியில் ஒரு ஹாஜியார் வபாத்தாகி, அவருடைய மனைவியும் நான்கு பிள்ளைகளும் வீட்டை விற்கத் தீர்மானித்தார்கள். 22 பேர்ச்சஸ் காணி, பழைய ஓட்டு வீடு, முன்னால் பெரிய பலா மரம். எங்களூரில் அவரை எல்லோரும் மாமி என்றுதான் அழைப்போம். விலை கேட்டு என்னோடு சேர்த்து மூன்று பேர் போயிருந்தோம். பிள்ளைகள் கொழும்பில் தொழில் செய்பவர்கள். அவர்களுக்குத் தொகைதான் கணக்கு. மாமிக்கு அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். சிறு வயதில் பெருநாள் தினங்களில் அந்த வீட்டில் சாப்பிட்டதை எழுதினேன். அது உண்மை. வியாபாரமே ஹாஜியாரைப் பார்த்துத்தான் படித்தேன் என்று எழுதினேன். அது பாதி உண்மை. என் பிள்ளைகள் அந்த முற்றத்தில் வளர வேண்டும் என்றும், ஹாஜியார் தன் கையால் நட்ட பலா மரம் நான் உயிரோடு இருக்கும் வரை அப்படியே நிற்கும் என்றும் எழுதினேன். அதை எழுதிய அன்று என் கடை மேசை லாச்சிக்குள் மூன்று கடைகளுக்கான வரைபடம் தயாராகக் கிடந்தது.

மாமி கடிதத்தை வாசித்து அழுதாராம். "அவருக்கே குடுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் கேட்ட விலையை விட இரண்டு இலட்சம் குறைவாகவே எனக்குக் கிடைத்தது.

பதினான்கு மாதத்தில் மரத்தை வெட்டினேன். எமது நாட்டில் பலா மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்துக்குப் போய், விண்ணப்பம் நிரப்பி, அனுமதியும் எடுத்தேன். அரசாங்கத்திடம் கேட்டேன். வாக்குக் கொடுத்த மனுஷியிடம் கேட்கவில்லை. கடை வேலை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் டொக்டரிடம் போகும் வழியில் மாமியின் ஓட்டோ அவ்விடத்தில் நின்றது. அவர் இறங்கவில்லை. "நீங்க எழுதின கடதாசி இன்னும் எனக்கிட்ட இருக்கு மகன்" என்றார். ஓட்டோ போய் விட்டது.

சட்டப்படி என்மீது ஒரு குற்றமும் இல்லை. உறுதியில் மரத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

இனி, இப்படியான கடிதத்துக்கு ஏன் இவ்வளவு சக்தி என்பதைப் பார்ப்போம். வீட்டை விற்பவருக்கு விலை மட்டும்தான் யோசனை என்று வியாபாரிகளாகிய நாம் நினைக்கிறோம். எங்களுக்கு அது ஒரு சொத்து. அவருக்கோ மூத்த மகள் பிறந்த அறை, வாப்பா மௌத்தான திண்ணை. அதற்கும் மேலாக அவருக்குப் பயங்கள் இருக்கின்றன. இவன் முற்பணத்தைத் தந்து விட்டு மிகுதிக்கு ஆறு மாதம் இழுப்பானோ, கடைசி நேரத்தில் ஒரு குறையைச் சொல்லி விலையைக் குறைப்பானோ, பிள்ளையிடம் போவதற்கு முன்னர் வீட்டை விட்டு எழும்பச் சொல்வானோ என்று இரவில் தூக்கமில்லாமல் யோசிப்பார். தரகர் கொண்டு போகும் ஒற்றை இலக்கத்தில் இவற்றில் எதற்கும் பதில் கிடையாது. கடிதத்தில் எழுதலாம். மனதை உருக வைப்பதற்குக் கடிதத்தைப் பாவித்தது நான் செய்த பிழை. பயத்தைத் தீர்ப்பதற்குப் பாவித்திருக்க வேண்டும்.

இரண்டாவது கடிதம் 2012 இல் எழுதியது. கண்டிக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் தனது வீட்டை விற்று விட்டு வெளிநாட்டிலுள்ள மகனிடம் போகவிருந்தார். என் மகள் சிங்களத்தில் எழுதித் தந்த அக்கடிதத்தின் தமிழ் இதுதான். ஆட்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கியிருக்கிறேன். மற்றபடி அப்படியே தருகிறேன்.

"மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க அனுமதித்தமைக்கு நன்றி. குடியிருப்பதற்காகவே வீடு தேடுகிறேன்.

14 பேர்ச்சஸ் காணிக்கும் வீட்டுக்குமாக 92 இலட்சம் ரூபா தர விரும்புகிறேன். இதில் 40 இலட்சம் கையில் இருக்கிறது. 30 இலட்சம் எனது வேறொரு காணியை விற்பதால் வர வேண்டியது. அதற்கான விற்பனை உடன்படிக்கை எழுதியாகி விட்டது, உறுதி அடுத்த மாதம் 20 ஆம் திகதி எழுதப்படும். மிகுதி 22 இலட்சத்துக்கு வங்கியொன்றில் விண்ணப்பித்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

உறுதியின் பிரதி, நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை எனது நொத்தாரிசு பரிசீலிக்க மூன்று வாரம் தேவை. எல்லாம் சரியாக இருந்தால் விற்பனை உடன்படிக்கை எழுதி அன்றே 10 இலட்சம் தருவேன். அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் மிகுதியைத் தந்து உறுதி முடிப்பேன். வங்கி மறுத்தால் 45 நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிப்பேன். அப்படி நடந்தால் முற்பணத்தை உடனே கேட்க மாட்டேன். நீங்கள் வேறொருவருக்கு விற்ற பின் திருப்பித் தந்தால் போதும்.

முழு விலையும் உறுதியில் எழுதப்பட வேண்டும். முத்திரை வரியும் நொத்தாரிசுக் கட்டணமும் எனது பொறுப்பு.

பின்பக்கக் கூரையில் ஒழுக்கு இருப்பதைக் கண்டேன். அதையும் யோசித்தே இவ்விலையைச் சொல்கிறேன். பின்னர் அதைக் காட்டிக் குறைக்கக் கேட்க மாட்டேன்.

உறுதி எழுதிய பின்னரும் நீங்கள் பயணம் போகும் வரை, இரண்டு மாதம் வரையில், வாடகையில்லாமல் வீட்டில் இருக்கலாம்.

ஒரு விடயத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாகனம் நிறுத்த முன் மதிலை உடைக்க வேண்டியிருக்கும். அப்போது அங்குள்ள அரலிய மரத்தையும் எடுக்க வேண்டி வரும்.

எனக்கு முன்னர் வேறு யாருக்காவது நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தால் தயவுசெய்து இக்கடிதத்தை ஒதுக்கி விடுங்கள்."

கீழே எனது முழுப் பெயர், கடையின் விலாசம், தொலைபேசி இலக்கம். இவ்வளவுதான். ஒரு பக்கம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதிய பகுதியைக் கவனியுங்கள். "காசு ரெடி" என்று சொல்வது எங்கள் பழக்கம். ரெடியான காசு என்பது பெரும்பாலும் மச்சான் தருவதாகச் சொன்னதும், பெருநாள் வியாபாரத்தில் வரும் என்று எதிர்பார்ப்பதும், வங்கி முகாமையாளர் தலையாட்டியதும் சேர்ந்த ஒரு கனவு. வங்கியின் பதில் வரவில்லை என்பதை எழுதுவதா விடுவதா என்று நானும் யோசித்தேன். மனைவிதான் எழுதச் சொன்னார். கடைசியில் அந்த வரிதான் எனக்குக் கைகொடுத்தது. வங்கியின் அனுமதி நான் எதிர்பார்த்ததை விட 11 நாள் பிந்தியே வந்தது. முதலிலேயே சொல்லியிருந்தபடியால் டீச்சர் பதறவில்லை. இன்னொரு சிறிய கடிதம் எழுதினேன், காத்திருந்தார்.

கொடுக்கல் வாங்கலில் இருவரும் உண்மை சொல்லிக் குறைகளை வெளிப்படுத்தினால் அதில் பரகத் செய்யப்படும், பொய் சொல்லி மறைத்தால் பரகத் அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை விற்பவருக்கான உபதேசமாகவே நாங்கள் பள்ளிகளில் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஹதீஸில் இருவருமே சொல்லப்பட்டிருக்கிறார்கள். துணியில் கிழிசல் இருந்தால் விற்பவர் காட்ட வேண்டும். பணத்தில் கிழிசல் இருந்தால் வாங்குபவர் காட்ட வேண்டும்.

முழு விலையும் உறுதியில் எழுதப்பட வேண்டும் என்பதைக் கண்டு சிலர் சிரிக்கக் கூடும். முத்திரை வரியை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவது எங்களிடையே சாதாரணமாகி விட்டது. ஒரு பத்திரத்தில் பொய்த் தொகையை எழுதி இரண்டு சாட்சிகளையும் அதில் கையெழுத்திட வைப்பது மார்க்கத்தில் எப்படிப்பட்டது என்பதை உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வியாபாரக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். 2018 ஏப்ரல் முதல் மூலதன இலாப வரி மீண்டும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இன்று 92 க்கு வாங்கிய வீட்டை 50 என்று உறுதியில் போட்டால், நாளை நீங்கள் அதை விற்கும்போது அந்த 42 இலட்சமும் உங்களுடைய இலாபமாகத்தான் கடதாசியில் தெரியும். அன்று மிச்சம் பிடித்ததை விடக் கூடுதலாக இழக்க நேரிடலாம். விற்பவருக்கும் இது ஒரு சோதனை. பொய்க்கு உடன்படுகிறாரா என்று அவரை முதல் கடிதத்திலேயே கேட்பது நல்ல அறிமுகமாக இராது.

முற்பணம் பற்றி ஒரு குறிப்பு. வாங்குபவர் பின்வாங்கினால் முற்பணம் விற்பவருக்கே சொந்தமாகி விடும் என்று நிபந்தனை போடுவது எமது சந்தையில் வழக்கம். அரபியில் இதை உர்பூன் என்பார்கள். ஷாபிஈ மத்ஹபு உட்பட மூன்று மத்ஹபுகளில் இது கூடாது, ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. கருத்து வேறுபாடு உள்ள விடயம் என்பதால், எந்த நிபந்தனையில் பணம் கைமாறுகிறது என்பதைக் கடிதத்திலேயே தெளிவாக எழுதுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. விற்ற பின்னர் சில காலம் விற்பவரே வீட்டில் இருப்பது பற்றியும் அப்படித்தான். ஜாபிர் (ரழி) அவர்கள் தமது ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களுக்கு விற்று, மதீனா வரை அதில் சவாரி செய்துகொள்ள இணக்கம் பெற்ற சம்பவம் ஹதீஸில் வருகிறது. அதை விற்பனையின் நிபந்தனையாகக் கொள்வதா, தனியான இணக்கமாகக் கொள்வதா என்பதில் இமாம்கள் வேறுபட்டிருக்கிறார்கள். எப்படியானாலும் காலத்தைக் குறிப்பிடாமல் "இருங்களேன், பரவாயில்லை" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். இரண்டு மாதம் என்றால் இரண்டு மாதம் என்று எழுதுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியைப் பற்றித்தான் எனக்கு அதிக கேள்விகள் வந்திருக்கின்றன. "ஏன் நாநா, வியாபாரத்தில் போட்டி இல்லாமலா?" என்று ஒரு தம்பி கேட்டார். ஒருவர் தனது சகோதரர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் வியாபாரம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆனால் விலை இன்னும் இணங்கப்படாமல் பலரும் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில் கூட்டிக் கேட்பது தடையில்லை என்பதே அறிஞர்களின் விளக்கம். ஏலமும் அப்படித்தான் நடக்கிறது. எனவே நீங்கள் கூடிய விலை கேட்கலாம். விற்பவர் இன்னொருவருக்குச் சரி என்று சொல்லி விட்ட பிறகு, உருக்கமான கடிதம் ஒன்றை அனுப்பி அவர் மனதைக் கலைப்பதுதான் பிழை. கடிதத்துக்குச் சக்தி இருக்கிறபடியால் இந்தப் பிழையைச் செய்வதும் இலகு.

அமெரிக்காவில் இந்தக் கடிதப் பழக்கம் எங்களை விடப் பரவலானது. ஒரு வீட்டுக்குப் பலர் விலை கேட்கும்போது, ஒவ்வொருவரும் தமது குடும்பத்தைப் பற்றி எழுதி, படமும் வைத்து, விற்பவருக்கு அனுப்புவார்கள். வீட்டுத் தரகர்கள் அதைக் "காதல் கடிதம்" என்றே வேடிக்கையாக அழைப்பார்கள். ஆனால் 2020 ஒக்டோபரில் அந்நாட்டின் தேசிய வீட்டுத் தரகர் சங்கமே இதில் கவனமாக இருக்கும்படி தனது அங்கத்தவர்களை எச்சரித்தது. காரணம், இனம், மதம், குடும்ப நிலை போன்றவற்றைப் பார்த்து வீடு விற்க மறுப்பதை அங்கு 1968 ஆம் ஆண்டின் நியாயமான வீட்டு வசதிச் சட்டம் தடை செய்கிறது. கிறிஸ்மஸ் காலையில் எங்கள் பிள்ளைகள் இந்தப் படிக்கட்டால் ஓடி இறங்குவதைக் கற்பனை செய்கிறோம் என்று ஒருவர் எழுதினால், அவருடைய மதமும் தெரிந்து விடுகிறது, பிள்ளைகள் இருப்பதும் தெரிந்து விடுகிறது. விற்பவர் அதை வைத்துத் தெரிவு செய்தால், தெரிந்தோ தெரியாமலோ சட்டத்தை மீறியவராகலாம். ஒரிகன் மாநிலம் 2021 இல் ஒரு சட்டமே கொண்டு வந்து, இத்தகைய கடிதங்களை விற்பவரிடம் சேர்க்க வேண்டாம் என்று தரகர்களுக்குக் கட்டளையிட்டது. அது பேச்சுச் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று வழக்குப் போட, 2022 மார்ச்சில் சமஷ்டி நீதிமன்றம் அதன் அமுலாக்கத்தை இடைநிறுத்தியது.

தனியார் ஒருவர் தனது வீட்டை யாருக்கு விற்பது என்பதில் அப்படியொரு சட்டம் எங்கள் நாட்டில் இல்லை. ஆனால் அந்தப் பிரச்சினை எங்களுக்குப் புதிதா? 2019 ஏப்ரல் 21 க்குப் பின்னர் வீடு தேடிப் போன எமது சகோதரர்கள் சிலருக்கு, பெயரைச் சொன்னதும் "நேற்றுத்தான் ஆள் முடிவாச்சு" என்று பதில் கிடைத்த கதைகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். அது வலிக்கும். அதே நேரம் "முஸ்லிம் வீடு, முஸ்லிமுக்கே கொடுங்கள்" என்று எமது ஆட்களே எழுதிய கடிதங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரே விடயத்தை எதிரே இருப்பவர் செய்தால் அநியாயம், நாங்கள் செய்தால் சமூகப் பற்றா? எனது அபிப்பிராயம், மார்க்கத்தை ஒரு தகுதியாகக் கடிதத்தில் காட்டக் கூடாது, மறைக்கவும் கூடாது. டீச்சருக்கு எழுதியபோது, எனது பெயரைச் சுருக்கி எழுதினால் நல்லது என்று தரகர் ஆலோசனை சொன்னார். நான் வாப்பாவின் பெயரையும் சேர்த்து நீளமாகவே எழுதினேன்.

தரகர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நேரடியாகக் கடிதம் எழுதுவது தரகரை வெட்டி விடும் தந்திரமாகி விடக் கூடாது. அவர் காட்டிய வீடு என்றால் அவருடைய தரகுப் பணம் அவருக்கே உரியது. கடிதத்தின் பிரதி ஒன்றை அவருக்கும் கொடுங்கள், அவர் கையாலேயே கொடுத்தனுப்புங்கள். உறையை மட்டும் ஒட்டிக் கொடுங்கள்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின்படி, காணி விற்பனையோ அதை விற்பதாகச் சொல்லும் உடன்படிக்கையோ எழுத்தில் இருந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையெழுத்திடப்பட்டால் மட்டுமே செல்லும். ஆகவே உங்கள் கடிதத்துக்கு அவர் "சம்மதம்" என்று பதில் எழுதினாலும் அது வழக்காட உதவும் ஒப்பந்தமாகாது. சம்மதக் கடிதத்தை நம்பிப் பெருந்தொகை கொடுத்து விட்டு அலைபவர்கள் இருக்கிறார்கள். பணம் உடன்படிக்கையோடுதான் போக வேண்டும். அதற்கும் முன்னர் உங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் பதிவுகளைத் தேட வேண்டும், வழக்கமாக 30 வருடங்களுக்குப் பின்னோக்கிப் பார்ப்பார்கள்.

வபாத்தானவர் ஒருவரின் வீடாக இருந்தால், கடிதம் யாருக்கு எழுதப்பட வேண்டும் என்பதும் முக்கியம். 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமில்லா உரிமைப் பேற்றுக் கட்டளைச் சட்டம் எமது வாரிசுரிமையை அங்கீகரிக்கிறது. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்குதான். விதவையோடு மட்டும் பேசி முடித்து விட்டு, வெளிநாட்டிலிருக்கும் ஒரு மகனின் கையெழுத்துக்காக வருடக் கணக்கில் காத்திருப்பவர்களை நான் அறிவேன். வாரிசுகள் எல்லோருடைய பெயரையும் கடிதத்தின் தலைப்பில் எழுதினால், முதல் நாளிலேயே யார் யார் என்று வெளிவந்து விடும். பிரிக்கப்படாத காணியில் பங்காளிக்கு ஷுஃப்ஆ எனும் முன்னுரிமை ஷரீஅத்தில் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் அது பங்காளிக்கு மட்டும், ஹனபி மத்ஹபில் அயலவருக்கும் உண்டு. நாட்டின் நீதிமன்றத்தில் அது எடுபடுமா என்பது வேறு கேள்வி. ஆனால் பங்காளி ஒருவர் வாங்க விரும்புகிறாரா என்று கடிதத்தில் ஒரு வரி கேட்பதால் நீங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள்.

கடிதத்தை விற்பவரின் மொழியிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் என்றால் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுங்கள், ஆனால் சட்டத்தரணியைக் கொண்டு வேண்டாம். சட்டத்தரணி எழுதினால் அது கடிதமாக இராது, அறிவித்தலாக இருக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். வயதானவர்களுக்குத் தாளில் கொடுப்பதே நல்லது என்பது எனது அனுபவம். தலைமாட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். பிரதியொன்றை உங்கள் கோவையில் வையுங்கள்.

டீச்சரிடமிருந்து ஐந்தாம் நாள் பதில் வந்தது. வேறொருவர் 95 வரை வந்திருப்பதாகவும், ஆனால் அவருடைய பணம் எப்போது வரும் என்பதை மூன்று தடவை கேட்டும் தெரியவில்லை என்றும் சொன்னார். அரலிய மரத்துக்காக வருத்தம்தான், பன்சலைக்குக் கொண்டு போக அதிலிருந்துதான் பூப்பறிப்பாராம். "சொல்லாமல் வெட்டியிருந்தால் எனக்குத் தெரியவா போகிறது?" என்றும் கேட்டார். போவதற்கு முன்னர் அதில் இரண்டு கொப்புகளை வெட்டித் தங்கையின் வீட்டில் நட்டு விட்டே போனார். அரலிய கொப்பிலிருந்து வளரும்.

பலா கொப்பிலிருந்து அப்படி வளராது. மாமியிடம் மன்னிப்புக் கேட்க நான் போனது 2003 இல், அவர் வபாத்தாவதற்கு ஒரு வருடம் முன்னர். மன்னித்து விட்டதாகச் சொன்னார். தேத்தண்ணி தந்தார். பிறகு "மரத்துப் பலகைய என்ன செஞ்சீங்க மகன்?" என்று கேட்டார். மில்லுக்கு விற்றதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்து விட்டு உள்ளே போய் அந்தக் கடிதத்தைக் கொண்டு வந்து என் கையில் தந்தார். வீட்டு உறுதி இருக்கும் அதே கோவையில்தான் அதையும் வைத்திருக்கிறேன்.